இயந்திரப் புகைக்குழாயில் துருவும் அதைத் தடுக்கும் முறைகளும்

முற்காலத்தில் ஏரும் எருதும் செய்துவந்த வேலையில் பெரும் பாகத்தை இப்பொழுது டிராக்டரும், பவர் டில்லரும், டீசல் பம்பு செட்டும் செய்து வருகின்றன. எருதுக்கு உடல் நலங் குன்றினால் குடியானவர் அதனை உடனே கண்டுகொள்வார். அது அசை போடாதிருந்தாலும், மூக்கு உலர்ந்திருந்தாலும், வைக்கோலை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாலும் அன்றைக்கே வைத்தியரை அழைத்துவருவார். இயந்திரமோ தன் நோயை அவ்வாறு தெரிவிப்பதில்லை. ஆயினும் அதன் நோய்களுள் ஒன்று எல்லோருடைய கண்ணுக்கும் தெரியும்படி வெளியிலேயே தோன்றுகிறது. அதுவே புகைக்குழாயின் முனையில் படரும் செந்துரு. கண்ணுக்குத் தெரிந்தும் அதனைப் பொருட்படுத்துவோர் சிலரே. "புகை போகிற வழிக்கு அழகு எதற்கு?" என்று அநேகர் கேட்கின்றனர்.

இஃது அழகைப் பற்றிய விஷயமன்று. புகைக்குழாய் துருவேறிப் பழுதானால் மழைநீர் இயந்திரத்தின் உள்ளே புகுந்து அதனை முறித்துவிடலாம். தீப்பொறி சிதறிக் களத்து வைக்கோற்போர் எரிந்துபோகலாம். விஷவாயு வெளிப்பட்டு மனித உயிருக்கே கேடு நேரலாம். இம்மூன்றையும் சொற்பச் செலவில், வருஷத்தில் ஓரிரு நாள் உழைப்பில் தடுத்துக்கொள்ளலாம். அதற்குரிய வழிகளை இங்கே விவரிக்கிறோம்.

துரு என்பது யாது?

இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் துரு உண்டாகிறது. மூன்றில் ஒன்று இல்லாவிடில் துரு இல்லை. இதனை எவரும் தம் வீட்டிலேயே பரீட்சித்து அறியலாம். புதிய இரும்பாணிகள் நான்கும், கண்ணாடிப் புட்டிகள் நான்கும் எடுத்துக்கொள்க. முதற் புட்டியில் நீற்றாத சுண்ணாம்புக் கல் சிறிது இட்டு, அதன் மேல் ஓர் ஆணியை வைத்து இறுக மூடுக. சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாவதில் நன்கு கொதிக்கவைத்து ஆறிய நீரை நிரப்பி, ஆணியை இட்டு, மேலே எண்ணெய் ஒரு விரற்கடை நிற்கும்படி ஊற்றுக. கொதித்த நீரில் காற்று இராது, எண்ணெய் புதிய காற்றைப் புகவிடாது. மூன்றாவதில் சாதாரண நீரை ஆணி பாதி முழுகும்படி விடுக. நான்காவதில் அதேபோல உப்பு நீர் விடுக. ஒரு வாரஞ் சென்று பார்த்தால் முதல் இரண்டு ஆணிகளும் பெரும்பாலும் பளபளப்பாகவே இருக்கும், மூன்றாவது சிவந்திருக்கும், நான்காவது அதனினும் மிகுதியாக அரிக்கப்பட்டிருக்கும். நீரும் காற்றும் சேர்ந்தால் துரு. உப்பும் சேர்ந்தால் கடுந்துரு. இவ்விஷயம் மனத்திற் பதிந்துவிட்டால் மேலே சொல்லப்போகும் முறைகள் யாவும் எளிதில் விளங்கும்.

துருவுக்கு மற்றொரு தீய குணமும் உண்டு. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன் மேல் ஒரு மெல்லிய, உறுதியான ஆடையை உண்டாக்கிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காத்துக்கொள்கிறது. இரும்பின் துருவோ அவ்வாறு காப்பதில்லை. அது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, உப்பிப் பொருக்காக உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு மறுபடியும் துருவேறுகிறது. ஆகையால் துரு தானாக நிற்கும் என்று காத்திருப்பது வீண்.

புகைக்குழாய்க்கு அது மிகுதியாக வருவது ஏன்?

டீசல் எரியும்போது புகையும் உஷ்ணமும் மட்டுமன்றி நீரும் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம். டீசலிலுள்ள ஹைட்ரஜன் பிராணவாயுவுடன் கூடி நீராவியாகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவி வடிவில் புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. குழாய் நன்கு சூடேறியிருக்கும்போது இவ்வாவி ஆவியாகவே போய்விடும். இயந்திரத்தைச் சிறிது நேரமே ஓட்டி நிறுத்தினால், குழாயின் முனை சூடேறுவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும்; ஆவி குளிர்ந்து துளித்துளியாக உட்புறத்திற் படியும். முனையே இயந்திரத்துக்கு மிகத் தொலைவிலும், வெளிக்காற்றுக்கு மிக அருகிலும் இருப்பதால், நீர் முதலில் படிவதும் கடைசியில் உலர்வதும் அங்கேதான். முனையில் துரு முதலில் தோன்றுவதன் காரணம் இதுவே.

டீசலிலுள்ள கந்தகம் எரிந்து நீருடன் கூடிக் கந்தகத் திராவகமாகி இரும்பை அரிப்பதும் உண்டு. இத்தொல்லை இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் தேசமெங்கும் பத்து லட்சம் பங்கில் 50 பங்குக்கு மேற்படாத கந்தகமுள்ள டீசலும், 2020 ஏப்ரல் முதல் 10 பங்குக்கு மேற்படாத டீசலும் விற்கவேண்டுமென்று விதிக்கப்பட்டது. ஆயினும் புதிய டீசலினால் துரு வராது என்று எண்ணிவிடலாகாது. கந்தகம் குறைந்ததேயன்றி நீர் குறையவில்லை.

வெளிப்புறத்திலிருந்து வரும் பகைகளும் உள. சேற்றுழவின்போது சேறு குழாயின் மேல் தெறித்து ஒட்டிக்கொள்கிறது. அது உலர்ந்தாலும் இரவில் பனியை உறிஞ்சி ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. வேதாரண்யம், தூத்துக்குடி முதலிய கடலோரப் பகுதிகளிலும் உப்பளங்களுக்கு அருகிலும் காற்றே உப்பைச் சுமந்து வருகிறது. உரம் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும் இத்தீங்கு உண்டு. நாம் வயலுக்கு இடும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. கறியுப்பைப் போலவே இரும்பை அரிக்கக்கூடியது. கிழிந்த மூட்டையிலிருந்து உதிர்ந்த பொட்டாஷும் அம்மோனியம் சல்பேட்டும் மோட்டார் சைக்கிளின் சைலன்சர் மேல் விழுந்து, பனியிற் கரைந்து நின்றால் வெகு சீக்கிரத்தில் துளையிடும்.

துருவினால் விளையும் நஷ்டங்கள்

1. மழைநீர் புகுதல். டிராக்டரின் செங்குத்தான புகைக்குழாயின் வாயில் கீலுடன் கூடிய ஒரு சிறு மூடி இருக்கும். இயந்திரம் ஓடும்போது புகையின் வேகத்தால் அது திறந்துகொள்ளும். நின்றவுடன் தன் பாரத்தினால் மூடிக்கொள்ளும். கீல் துருப்பிடித்து இறுகிவிட்டால் மூடி திறந்தபடியே நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே நிற்கும் வண்டிக்குள் அவ்வழியே நீர் இறங்கி, சைலன்சரைக் கடந்து, திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டரை அடையும். அங்கே தங்கினால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். நீர் நிறைய இருக்கையில் சாவியைத் திருப்பினால் இன்னும் மோசம். காற்றை அழுத்திச் சுருக்கலாம், நீரைச் சுருக்க முடியாது. பிஸ்டன் மேலேறும்போது நீர் விட்டுக்கொடாது. கனெக்டிங் ராடு வளையும் அல்லது முறியும். ஒரு கீலுக்கு எண்ணெய் இடாத குறையினால் இயந்திரம் முழுவதையும் பிரித்து வேலை செய்ய நேரிடும்.

2. தீ விபத்து. குழாயின் உள்ளே கரி படிவது இயற்கை. துருவேறிய உட்புறம் சொரசொரப்பாயிருப்பதால் கரி மேலும் எளிதில் ஒட்டும். பாரமான வேலையில் இயந்திரம் இழுக்கும்போது இக்கரி கனன்று பொறியாக உதிர்ந்து வெளியேறும். சைலன்சரில் துளை விழுந்திருந்தால் பொறி மேலே போகாமல் பக்கவாட்டில், அதாவது வைக்கோலும் பதரும் கிடக்குமிடத்தில், விழும். தை, மாசி மாதங்களில் களம் காய்ந்து கிடக்கும்போது இதற்கு ஒரு கணமே போதும். ஒரு குடும்பத்தின் மாடுகளுக்கு ஓராண்டுக்குரிய தீவனம் ஒரு நாழிகையில் சாம்பலாகும்.

3. விஷவாயு. புகையிலே கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டு. இது கரியமில வாயுவன்று, அதனினும் கொடியது. நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உட்சென்றால், இரத்தத்திலே பிராணவாயு ஏறவேண்டிய இடத்தை இது பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம், வாந்தி; பிறகு நினைவு தப்பும். டீசல் இயந்திரத்தைவிடப் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் சிறு பம்பு செட்டுகளில் இது மிக அதிகம். பம்பு செட்டுக் கொட்டகையின் கூரைக்கு மேலே புகையைக் கொண்டுசெல்லும் குழாய், கொட்டகைக்கு உள்ளேயே துருத் துளை விழுந்திருந்தால், அக்கொட்டகையில் இரவு தண்ணீர் பாய்ச்சக் காத்துக் கட்டிலிற் படுத்திருப்பவர் காலையில் எழுந்திருப்பது நிச்சயமில்லை. நீர்மட்டம் இறங்கிய கிணற்றினுள் இயந்திரத்தை இறக்கி வைத்து ஓட்டுவோர், குழாய் புதிதாயிருப்பினும் அங்ஙனஞ் செய்யவே கூடாது. கிணற்றிலே மயங்கி விழுந்தவரைத் தூக்க மற்றொருவர் இறங்கி, அவரும் விழுவது இவ்விபத்தின் இயல்பு.

குழாயைப் பரீட்சிக்கும் முறை

துரு மேலோட்டமானதா, ஆழ்ந்ததா என்பதை முதலில் அறியவேண்டும். இயந்திரம் முற்றிலும் ஆறியபின் பின்வருமாறு செய்க.

சிறு சுத்தியலால் குழாயை முனை தொடங்கி அடி வரையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே வருக. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன இடத்தில் ஒலி மங்கும், உள்ளே பொருக்கு உதிரும் சத்தம் கேட்கும். பானையைத் தட்டி வாங்கும் பெண்களுக்கு இப்பரீட்சையைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. ஐயமான இடத்தில் திருப்புளியின் முனையை வைத்து அழுத்துக. அமுங்கினாலும் துளைத்தாலும் அவ்விடம் போய்விட்டது என்று அறிக. இணைப்புகளில் கரிக்கோடுகள் படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. சோப்பு நீரை இணைப்புகளிற் பூசி, குழாய் சூடேறுமுன், இயந்திரத்தை ஓட்டிய முதல் நிமிஷத்திலேயே பார்த்தால் கசியுமிடத்திற் குமிழி எழும்.

இயந்திரத்தோடு ஒட்டியுள்ள வார்ப்பிரும்பு மேனிபோல்டு சில நாட்களிலேயே செம்பழுப்பு நிறமாகிவிடும். அதனைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அது தடித்த வார்ப்பு, அதன் மேல்துரு பல வருஷங்களுக்கு ஊறு செய்யாது. அங்கே பிளவும், கேஸ்கெட் கசிவும் மட்டுமே கவனிக்கத்தக்கவை. மெல்லிய தகட்டாலான சைலன்சரும், குழாயும், முனையுமே அபாயத்துக்கு உட்பட்டவை.

உலோகத்தின் இனத்தை அறிதல்

எல்லாக் குழாய்க்கும் ஒரே சிகிச்சை பொருந்தாது. மூன்று இனங்கள் வழக்கில் உள்ளன.

முதலாவது, கறுப்பு அல்லது வெள்ளி வர்ணம் பூசிய சாதாரண எஃகு. டிராக்டர், பவர் டில்லர், பம்பு செட்டுகளிற் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. இரண்டாவது, எஃகின் மேல் நிக்கலும் அதன் மேல் மிக மெல்லிய குரோமியமும் முலாம் பூசியது. மோட்டார் சைக்கிள்களின் சைலன்சர்களிலும் பழைய ஜீப், கார்களின் குழாய் முனைகளிலும் இதைக் காணலாம். முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். மூன்றாவது, நாம் சமையற்பாத்திரமாக அறிந்துள்ள எவர்சில்வர். உருக்கிலேயே குரோமியம் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமற் கலந்த உலோகம். இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்தில் ஹாரி பிரேர்லி என்பவர் 1913-ல் இதனை வார்த்தார். நம் மாகாணத்தில் சேலம் உருக்காலையில் எவர்சில்வர்த் தகடு செய்யப்படுகிறது.

காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். காந்தம் ஒட்டாவிடில் அது நிக்கலும் சேர்ந்த உயர்ந்த எவர்சில்வர். ஒட்டினால் சாதாரண எஃகாகவோ, முலாம் பூசியதாகவோ, நிக்கல் சேராத தாழ்ந்த எவர்சில்வராகவோ இருக்கலாம். சைலன்சர்களில் சுமார் 11 பங்கு குரோமியமுள்ள அத்தகைய இனம் மிகுதியாக வழங்குகிறது. அது மேலே சிறிது பழுப்பேறினும் எளிதில் ஓட்டை விழாது.

துருவை நீக்கும் முறை

சாதாரண எஃகு. குழாயைக் கழற்றிக்கொள்வது உத்தமம். துருவேறிய போல்ட்டுகளை வலிந்து திருகி முறித்துவிடாமல், முதல்நாள் மாலையிலேயே அவற்றில் மண்ணெண்ணெய் அல்லது துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவிடுக. குழாயைச் சோப்பு நீரால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, கம்பி பிரஷினால் பொருக்குகளைத் தேய்த்து உதிர்க்க; பிறகு முரட்டு உப்புத்தாளும், அதன்பின் மெல்லிய உப்புத்தாளும் கொண்டு பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்க்க. இவ்வேலை செய்யும்போது கண்ணாடி அணிந்து, மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளவேண்டும். முனையின் உட்புறத்தையும் கைக்கு எட்டுமளவு தேய்க்க மறவற்க. வெளியே மட்டும் தேய்ப்பது, களையை வேரோடு பறியாமல் நுனியைக் கிள்ளுவது போலாம்.

பள்ளங்களில் ஒட்டியுள்ள துருவுக்குப் புளிப்பு உதவும். பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் துலக்குவது நம் வீடுகளில் வழக்கம். புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள திராவகங்கள் துருவைக் கரைக்கும். கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரையில் நீரிற் கரைத்து, கழற்றிய முனையை அதில் ஓர் இரவு அமிழ்த்தி வைத்துக் காலையில் தேய்த்தால் துரு எளிதில் போகும். பின்னர்ச் சமையல் சோடா கலந்த நீரிலும், அதன்பின் நல்ல நீரிலும் கழுவி, உடனே துடைத்து வெயிலில் உலர்த்துக. புளிப்பு சிறிது தங்கினும், ஈரம் சிறிது தங்கினும், அரை நாளில் புதுத்துரு பூக்கும்.

குரோமிய முலாம். முலாம் மிக மெல்லியது. கம்பி பிரஷும் முரட்டு உப்புத்தாளும் பட்டால் முலாமே போய்விடும். அலுமினியத் தாளைக் கசக்கிப் பந்தாக்கி, நீரில் நனைத்துத் துருப்புள்ளிகளின் மேல் மெதுவாகத் தேய்க்க. அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. ஆகவே கீறாது, துருவையோ நீக்கும். தேய்த்தபின் கழுவித் துடைத்து, மோட்டார் மெழுகு சிறிது பூசலாம். முலாம் உரிந்து உள்ளிருக்கும் எஃகு தெரிந்துவிட்டால் இம்முறை பலிக்காது. முலாமை எடுத்துவிட்டு வர்ணம் பூசுதலே வழி. நீலமும் மஞ்சளுமாகத் தோன்றும் நிறம் சூட்டினால் வருவது, அது துருவன்று.

எவர்சில்வர். இதன் மேல் தோன்றும் பழுப்பு பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்புத் தூளின் துரு, அல்லது உப்புக்கறை. சோப்பு நீரால் கழுவி, சிட்ரிக் அமில நீரைத் துணியில் நனைத்துச் சுற்றிச் சிறிது நேரம் விட்டு, நைலான் நாரினால் தேய்த்துக் கழுவினால் போதும். பாத்திரம் துலக்கும் சாதாரண இரும்பு நாரினால் தேய்ப்பது தவறு; அதன் துகள்கள் பதிந்து மறுவாரமே புதுத்துருவாகும்.

வர்ணம் பூசுதல்

தேய்த்த இரும்பை வெறுமையாக விடலாகாது. அன்றே வர்ணம் பூசவேண்டும். வாசற்கதவுக்குப் பூசும் எனாமல் இதற்கு உதவாது. சூட்டில் கருகி உரிந்துவிடும். 600 டிகிரி சென்டிகிரேட் வரை தாங்குமென்று டப்பாவில் குறிக்கப்பட்ட, சிலிக்கோன் கலந்த அலுமினிய வர்ணம் அல்லது கறுப்பு வர்ணம் கேட்டு வாங்குக. கனமாக ஒரு முறை பூசுவதைவிட மெல்லியதாக இரு முறை பூசுவது நன்று. இவ்வகை வர்ணம் சூடு பட்டே இறுகும். ஆகையால் காற்றில் உலர்ந்தபின் இயந்திரத்தைச் சிறிது நேரம் மெதுவாக ஓட்டி நிறுத்தி ஆறவிட்டு, அடுத்த முறை சற்று அதிக நேரம் ஓட்டி, படிப்படியாகச் சூடேற்றுக. எடுத்த எடுப்பில் பாரமான உழவுக்குக் கொண்டுசென்றால் வர்ணம் கொப்புளிக்கும்.

கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்த காலம் உண்டு. அதே தத்துவத்தில் துருவைக் கரிய பூச்சாக மாற்றும் மருந்துகள் இப்போது கடைகளிற் கிடைக்கின்றன. கலப்பை, டிரெய்லர்ச் சட்டம் முதலிய சூடேறாத பாகங்களுக்கு அவை நல்லன. புகைக்குழாயின் சூட்டிலே அவை நிலைப்பதில்லை. ஆதலால் இதற்கு வாங்கிப் பணத்தை வீணாக்கவேண்டாம்.

செய்யத் தகாதவை

குளியலறை கழுவும் உப்புத் திராவகத்தைக் குழாய்க்கு உபயோகிக்கலாகாது. துருவை அது நொடியில் எடுக்கும் என்பது மெய்யே. நல்ல இரும்பையும் உடன் தின்னும். இடுக்குகளில் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். எவர்சில்வரில் குண்டூசி முனை போன்ற துளைகளை உண்டாக்கும். பிளீச்சிங் பவுடரோடு அது கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும்.

சூடான குழாயைத் துடைப்பதும், அதன் மேல் பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீயை வலிய அழைப்பதாகும்.

தண்ணீருக்குப் போடும் துத்தநாகம் பூசிய ஜீ.ஐ. குழாயை வெட்டிப் புகைக்குழாயாகப் பற்றவைப்பதும் தகாது. துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகிவிடும். பாரமான வேலையில் இயந்திரத்தை அடுத்த பாகம் அந்தச் சூட்டை எட்டக்கூடும். அன்றியும், பற்றவைக்கும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரங்கழித்துக் குளிரும் காய்ச்சலும் காணும்.

சைலன்சரின் அடியில் சிறு துளை ஒன்று சில வண்டிகளில் இருக்கும். அது பழுதன்று, தேங்கும் நீர் வடிவதற்காகச் செய்தவரே வைத்தது. அதனை அடைக்காமல், கம்பியால் குத்திச் சுத்தமாக வைத்துக்கொள்க.

குழாயை எப்போது மாற்றவேண்டும்?

திருப்புளி துளைக்கும் அளவுக்கு அரித்த குழாயைத் தேய்ப்பதும் பூசுவதும் பயனற்ற வேலை. முனை மட்டும் போயிருந்தால், நல்ல இரும்பு தொடங்குமிடம் வரையில் அறுத்தெடுத்து, அதே உள்விட்டமுள்ள புதிய துண்டைப் பற்றவைக்கலாம். உள்விட்டம் சிறுத்தால் புகை தடைப்பட்டு இயந்திரத்தின் சக்தி குறையும். பற்றவைக்குமுன் குழாயை வண்டியிலிருந்து கழற்றிப் பட்டறைக்கு எடுத்துச் செல்வதே பத்திரம். வண்டியில் வைத்தே பற்றவைக்க நேர்ந்தால் பாட்டரிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, டீசல் தொட்டியையும் பாட்டரியையும் பொறி படாமல் மறைத்து, அருகே நீரும் மணலும் வைத்துக்கொள்க. சைலன்சரின் உடலிலேயே பல இடங்களில் துளை விழுந்திருந்தால் ஒட்டுப்போடுவதைவிடப் புதியது வாங்குவதே சிக்கனம். ஒட்டுக்குப் பக்கத்தில் மறுபோகத்திலேயே வேறு துளை விழும்.

வருஷத்தின் வேலை முறை

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ந் தேதி திறக்கப்படுவதை ஒட்டி வேலை நடக்கும் காவிரிப் பாசனப் பகுதியை உதாரணமாகக் கொண்டு இங்கே எழுதுகிறோம். மற்ற ஜில்லாக்காரர்கள் தத்தம் பருவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்க.

சித்திரை, வைகாசி: வேலை ஓய்ந்த காலம், காற்றும் உலர்ந்திருக்கும். குழாயைக் கழற்றித் தேய்த்து வர்ணம் பூசுவதற்கு இதுவே தக்க பருவம்.

சேற்றுழவுக் காலம்: மாலையில் வண்டியைக் கழுவும்போது குழாயின் மேல் ஒட்டிய சேற்றையும் கழுவுக, குழாய் ஆறியபின்பே நீர் விடவேண்டும். கழுவியபின் பத்துப் பதினைந்து நிமிஷம் இயந்திரத்தை ஓட்டினால் ஈரம் உலரும்.

புரட்டாசி முடிவில்: முனை மூடியின் கீலைத் துருப்போகத் தேய்த்து எண்ணெய் விட்டு, கையை எடுத்தவுடன் தானே விழுகிறதா என்று பார்க்க. மூடி இல்லாத பழைய குழாய்க்கு ஒன்று வாங்கிப் பொருத்துக. தகர டப்பாவைக் கவிழ்த்து வைப்போர், ஓட்டுமுன் அதனை எடுக்க மறவற்க. நீர் உட்சென்றதாக ஐயம் இருந்தால் சாவியைத் திருப்பாமல், மெக்கானிக்கைக் கொண்டு இன்ஜெக்டர்களைக் கழற்றி, இயந்திரத்தைக் கையாற் சுழற்றி நீரை வெளியேற்றியபின் ஓட்டவேண்டும்.

தை, மாசி அறுவடை: களத்திற்குச் செல்லுமுன் குழாயில் கசிவும் துளையும் இல்லையென்று நிச்சயித்துக்கொள்க. சைலன்சரின் மேலும் அதைச் சுற்றியும் சேரும் பதரையும் தூசியையும் ஒவ்வொரு வேளையும் தட்டிவிடுக. புகைக்குழாய் போர்ப் பக்கம் திரும்பாதபடி வண்டியை நிறுத்துக.

நெடுநாள் ஓய்வு: ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாயிருந்தால், கடைசி நாளில் அரைமணி நேரமாவது பாரத்தோடு ஓட்டி, குழாயின் உள்ளீரம் முழுவதும் உலர்ந்தபின் நிறுத்துக. ஆறியதும் முனையின் உட்புறத்தில் எண்ணெய் தடவி, எண்ணெயில் நனைத்த துணியால் வாயை அடைத்து, "குழாய் அடைக்கப்பட்டிருக்கிறது" என்று ஓர் அட்டையை ஸ்டீரிங்கில் கட்டிவைக்க. இடையிடையே இரண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்துவதால் நன்மை விளையும் என்பது சிலரின் எண்ணம். மேலே கூறியபடி அது குழாயினுள் நீர் வார்ப்பதற்கே ஒப்பாகும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

ஊராட்சிக்குச் சொந்தமான வண்டிகளும், கூட்டுறவுச் சங்கங்கள் வாடகைக்கு விடும் டிராக்டர்களும் இயந்திரங்களும் பல கைகளில் மாறி மாறிச் செல்வதால், அவற்றின் துருவைக் கவனிப்பது எவருடைய பொறுப்பும் ஆகாமற் போகிறது. வண்டிப் பதிவேட்டில் மாதந்தோறும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதும்படி ஏற்பாடு செய்தால் போதும்: புகைக்குழாய் மூடி தானே விழுகிறதா? குழாயிலோ இணைப்பிலோ கசிவு உண்டா? சைலன்சர் சுத்தமாயிருக்கிறதா? இதற்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. அறுவடைக்கு முன் ஊர்க்கூட்டத்தில், களந்தோறும் நீர்த்தொட்டியும் மணலும் இருக்கவேண்டும் என்பதையும், துளை விழுந்த சைலன்சரோடு வரும் வாடகை வண்டியைப் போரடிக்கு அருகில் விடலாகாது என்பதையும் எடுத்துச் சொல்லலாம். பம்பு செட்டுக் கொட்டகையில் படுத்துறங்கும் வழக்கம் உள்ள ஊர்களில் விஷவாயுவைப் பற்றி வீடுதோறும் அறிவிப்பது அவர்களுடைய கடமைகளுள் ஒன்று என்றே கருதுகிறோம்.

புகைக்குழாய் இயந்திரத்தின் விலையில் மிகச் சிறு பங்கே. ஆனால் அது கெட்டால் கெடுவது தான் மட்டுமன்று. இயந்திரமும், போரும், சில வேளைகளில் ஆளும் அதனோடு போகக்கூடும். கம்பி பிரஷ் ஒன்று, உப்புத்தாள் சில, சூடு தாங்கும் வர்ணம் ஒரு சிறு டப்பா, கீலுக்கு விட இரண்டு சொட்டு எண்ணெய் ஆகிய இவை வேண்டும் செலவு. கோடை உழவு முடிந்து வண்டி நிழலில் நிற்கும் நாட்களில் இதனைச் செய்துகொள்ளுமாறு குடியானவர்கள் யாவரையும் கேட்டுக்கொள்கிறோம்.